பரிவலுவா, காப்புக்கூடா?

வேகத்தை விரும்புதல் இளமைக்கு இயல்பு. தேர் ஓடிய காலத்திலும் அவ்விருப்பம் இருந்தது. மாட்டுவண்டிச் சவாரித் திடல்களிலும் அது இருந்தது. இன்று மோட்டார் வண்டியிலும் அதுவே இருக்கின்றது. வேகத்தை வெறுத்து ஒதுக்குதல் மூத்தோர் கடமையன்று. வேகத்தின் விலையாக ஓர் உயிர் கேட்கப்படாதவாறு வழி காட்டுதலே அவர்தம் கடமையாகும்.

பழைய கார் ஒன்றை நேரோட்டப் பந்தயத்திற்கு, அதாவது டிராக் றேஸ் எனப்படுவதற்கு, ஆயத்தஞ் செய்கின்ற ஒருவர், அதனுள் அமைக்க வேண்டிய காப்புக்கூட்டை எவ்வாறு தேர்ந்தெடுத்தல் வேண்டும்? றோல் கேஜ் என்று கராஜ்களில் வழங்கும் அக்கூட்டைப் பற்றிக் கல்லூரி விழா மலரில் எழுதலாமோ, அதிலும் தமிழாசிரியன் ஒருவன் எழுதலாமோ என்று சிலர் ஐயுறக்கூடும். நம் கல்லூரியிற் பயின்று கடல் கடந்து வாழும் பழைய மாணவருள் பழைய கார்களைப் புதுக்கி இன்புறுவோர் உளர். இங்குள்ள இளைஞரும் அவர்களைப் பார்த்து அவ்வழியிற் செல்ல விழைகின்றனர். உயிரைக் காப்பது பற்றிய பேச்சுக்கு எம்மலரிலும் இடமுண்டு. மேலும், அரண் என்பதற்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தவர் நம் வள்ளுவர். உயரமும் அகலமும் திண்மையும் பகைவரால் அழித்தற்கு அருமையும் உடையதே அரண் என்று அவர் கூறினார். அதைக் கற்பிப்பவன் இதைச் சொல்லலாகாது என்பது எவ்வாறு பொருந்தும்?

பழைய கார் என்பது நமக்கு அயற்பொருள் அன்று. 1990 ஆம் ஆண்டு முதல் வடக்கிற் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் பெற்றோல் கிடைத்தற்கு அரிதாயிற்று. அப்பொழுது நம்மவர் சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை முடுக்கிவிட்டு, மண்ணெண்ணெயிலே ஒஸ்ரினையும் மொறிஸையும் ஓட்டினர். நோயாளியை ஏற்றியவையும் மணமக்களைச் சுமந்தவையும் அவ்வண்டிகளே. எனவே, அவற்றின்மீது நம் மக்கள் வைத்த அன்பு வெறும் பொழுதுபோக்கு அன்று; நன்றியுணர்வும் அதிற் கலந்துள்ளது. அத்தகைய வண்டி ஒன்றைப் பந்தயத்திற்கு விடும்போது, அது தன்னை ஓட்டுபவனைக் கொல்லாதபடி பார்த்துக்கொள்ளுதலும் அந்நன்றியின் ஒரு கூறேயாம்.

நேரோட்டப் பந்தயத்தின் வரலாறு ஓரளவிற்கு விமான ஓடுபாதைகளின் வரலாறும் ஆகும். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் கலிபோர்னியாவில் வறண்ட ஏரித் தரைகளிலும் விமான நிலையங்களிலும் இளைஞர் தம் பழைய வண்டிகளை ஓட்டிப் பார்த்தனர். 1950 இல் சான்ரா அனாவில் ஒழுங்கான பந்தயத்தடம் ஒன்று தொடங்கிற்று. 1951 இல் வொலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹொட் றொட் சங்கத்தை நிறுவினார். வீதிகளில் நிகழ்ந்த ஓட்டத்தைத் தடத்திற்குள் கொணர்ந்து விதிகளுக்கு உட்படுத்துதலே அச்சங்கத்தின் நோக்கம். நம் அயலிலும் இவ்வாறே நிகழ்ந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்தில் அமைந்த ஓடுபாதையிற் பல்லாண்டுகள் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. இருங்காட்டுக்கோட்டையிற் புதிய தடம் அமைந்தபின்னும் நேரோட்டப் பந்தயங்களுக்குச் சோழவரம் பயன்பட்டது. இலங்கையிற் களுத்துறைக்கு அணித்தேயுள்ள கட்டுகுருந்தைப் பந்தயத்தடமும் போர்க்கால விமானத் தளமேயாகும். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது.

நேரோட்டத்தின் தூரம் கால் மைல். ஏறக்குறைய 402 மீற்றர். வளைவு இல்லை, மேடு பள்ளம் இல்லை. ஆகவே இதில் ஆபத்தும் இல்லை என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பிழையானது. சில செக்கன்களில் மணிக்கு நூறு மைலைக் கடக்கும் வண்டி, ஒரு சில்லுப் பிடிமானம் இழந்தாற் பக்கவாட்டிற் திரும்பும், திரும்பியது உருளும். அரை நூற்றாண்டுக்கு முன்பு செய்த காரின் கூரை, மழையையும் வெயிலையும் தடுப்பதற்குச் செய்யப்பட்டதேயன்றி, வண்டி தலைகீழாகும்போது அதன் முழுப் பாரத்தையும் தாங்குவதற்குச் செய்யப்பட்டதன்று. அக்கூரை செய்யாத வேலையைச் செய்வதற்கே காப்புக்கூடு வேண்டப்படுகின்றது.

கூட்டின் உறுப்புகளை முதலில் அறிதல் நன்று. ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் நிற்கும் பெருவளைவே அதன் முதுகெலும்பு. அவ்வளைவிலிருந்து பின்னோக்கிச் சாய்ந்து இறங்கும் இரு தாங்குகால்கள், அது பின்னே சரியாதபடி தடுக்கும். முன்கண்ணாடியின் இரு மருங்கும் ஏறிச்சென்று பெருவளைவோடு இணையும் குழாய்கள் முன்பகுதியைக் காக்கும். கதவுப் பக்கமாகச் செல்லும் சட்டம் பக்கத்தாக்குதலைத் தாங்கும். இவற்றுக்கு மேலாக, பெருவளைவின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு சாய்வுக் குழாய் வேண்டும். நான்கு பக்கச் சட்டத்தை ஒரு மூலையில் தள்ளினால் அது சரிந்துவிடும், முக்கோணம் சரியாது. கூரை வேயும் தச்சர் நன்கறிந்த உண்மை இது.

பெருவளைவும் தாங்குகால்களும் பக்கச் சட்டமும் மட்டும் உள்ளதை றோல் பார் என்றும், முன்பகுதியையும் சேர்த்து முழுமையாக அமைந்ததைக் கூடு என்றும் வழங்குவர். எவருக்கு எது வேண்டும்? மேற்சொன்ன அமெரிக்கச் சங்கத்தின் விதிகள் பழைய கார்களைப் பொறுத்தவரை இதற்குத் தெளிவான விடை தருகின்றன. கால் மைலை 11.49 செக்கனிலோ அதனினும் விரைவாகவோ கடக்கும் காருக்குப் பெருவளைவு கட்டாயம். தரைத் தகட்டையோ இயந்திரத்தடுப்பையோ வெட்டி மாற்றிய காராயின், 10.99 செக்கனிலேயே முழுக் கூடு வேண்டும். மாற்றாததாயினும் 9.99 செக்கனை எட்டினால், அல்லது மணிக்கு 135 மைல் வேகத்தை அடைந்தால், முழுக் கூடு இன்றி அமையாது. கூரையில்லாக் கார்களுக்கு விதி இன்னும் கடுமையானது. இவை குறைந்த அளவுகள் என்பதை மறத்தலாகாது. இன்று 12 செக்கனில் ஓடுபவன் அடுத்த ஆண்டும் 12 செக்கனோடு மனநிறைவு கொள்வதில்லை. எனவே இன்றைய வேகத்திற்குக் கூடு வாங்காமல், தான் அடைய விரும்பும் வேகத்திற்கு வாங்குதலே அறிவுடைமை.

தேர்வில் முதலிற் பார்க்க வேண்டியது குழாய். பெருவளைவு மட்டும் அமைப்பதாயின் வெளிவிட்டம் ஒன்றே முக்கால் அங்குலமும், முழுக் கூட்டிற்கு ஒன்று ஐந்தெட்டு அங்குலமும் குறைந்த அளவாகும். மென் உருக்காயின் சுவர்த்தடிப்பு 0.118 அங்குலம், அதாவது 3 மில்லிமீற்றர்; குரோமொலி எனும் கலப்புருக்காயின் 0.083 அங்குலம் போதும். குரோமொலி எடை குறைந்தது. ஆயினும் அதை நுண்மையான டிக் வெல்டிங் முறையிலேயே ஒட்ட வேண்டும். மென் உருக்கை மிக் முறையிலும் ஒட்டலாம். நல்ல கை வாய்க்காத ஊரிற் குரோமொலியைத் தேர்ந்தெடுத்தல், பட்டுத்துணியை வாங்கிக் கோணி தைப்பவனிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும். நம்மூர்க் கராஜ்களில் நன்கு செய்யத்தக்கது மென் உருக்கே. ஆனால் வீட்டுக்கு நீர் கொண்டுவரும் ஜீ.ஐ. குழாயை எக்காரணங்கொண்டும் பயன்படுத்தலாகாது. அது நீருக்காகச் செய்தது, மோதலுக்காகச் செய்ததன்று. அதன் நாகப்பூச்சு ஒட்டையும் கெடுக்கும். ஒட்டுபவரின் மூச்சையும் கெடுக்கும்.

இரண்டாவது, ஒட்டு. நூறு ஒட்டுகளில் ஒன்று பொய்த்தாற் கூடு முழுவதும் பொய்த்ததேயாம். குழாயின் சுற்று முழுவதும், கூரையோடு நெருங்கிய மேற்பக்கம் உட்பட, ஒட்டுப் பெற வேண்டும். கைக்கு எட்டாத பக்கத்தை விட்டுவிட்டு எட்டிய பக்கத்தை மட்டும் ஒட்டி, மேலே வண்ணம் பூசி மறைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அழகிற்காக ஒட்டைத் தேய்த்து மழுக்குதலும் விதிக்கு மாறானது; தேய்த்த ஒட்டு மெலிந்த ஒட்டு. கண்ணாடிபோல் மின்னும் குரோமிய முலாம் வேண்டும் என்பாரும் உளர். உலக மோட்டார்ப் பந்தய அமைப்பாகிய எஃப்.ஐ.ஏ.யின் விதிகள் காப்புக்கூட்டிற்கு அம்முலாம் பூசுவதை விலக்கியுள்ளன. அம்முலாமிடும் முறை உருக்கை நொறுங்கும் தன்மையதாக்கக் கூடும் என்பதை ஈண்டு அறிதல் வேண்டும்.

மூன்றாவது, கூடு எதன்மீது நிற்கின்றது என்பது. பழைய காரைப் பொறுத்தவரை இதுவே தலையாயது. ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் தனி அடிச்சட்டத்தின்மேல் அமைந்த கார். கூட்டின் கால்களை அச்சட்டத்தோடு நேரே ஒட்டலாம். ஆனால் அதே நிறுவனம் 1951 இல் வெளியிட்ட ஏ30 தனிச்சட்டம் இல்லாத கார். அதன் உடலே அதன் சட்டம். அதன் மெல்லிய தரைத்தகட்டில் ஒரு குழாயை வெறுமனே நிறுத்தினால், உருளும்போது அக்குழாய் தகட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். அத்தகைய காரிற் தரையின் மேலும் கீழும் ஆறங்குலச் சதுரத் தகடுகள் வைத்துப் பொருத்தாணிகளால் இறுக்குதல் அமெரிக்க விதி. ஒவ்வொரு காலுக்குங் கீழே 3 மில்லிமீற்றர்த் தடிப்பும் 120 சதுர சென்ரிமீற்றர்ப் பரப்பும் குறையாத தகடு வேண்டும் என்பது எஃப்.ஐ.ஏ. விதி. இரண்டின் கருத்தும் ஒன்றே: பாரத்தைப் பரப்பு. இங்கே மற்றுமொன்று சொல்லுதல் வேண்டும். உப்புக்காற்று வீசும் மன்னார்க் கரையில் நின்ற காரின் தரைத்தகடு, வண்ணத்தின் கீழே கறையான் தின்ற மரம்போல் ஆகியிருக்கும். துருவை வெட்டியெறிந்து புதுத்தகடு இடாமல் அதன்மேற் கூடு நிறுத்துதல், மணலில் மாடம் எழுப்புதலாகும். அரிப்புக் கரையில் தேசாதிபதி நோர்த் 1801 முதல் 1804 வரை எழுப்பிய டொறிக் மாளிகையின் சுவர்கள் தடித்தவை. அவை நின்ற கரையைக் கடல் அரித்தமையால் அச்சுவர்களும் இடிந்து வீழ்கின்றன. அடிநிலை போனாற் சுவரின் தடிப்பு உதவாது என்பதற்கு இதனினும் அணிமையான சான்று நமக்கு வேண்டுவதில்லை.

நான்காவது, கூட்டிற்கும் உடலுக்குமுள்ள பொருத்தம். பெருவளைவு ஓட்டுநரின் தலைக்கவசத்திற்கு மேலே மூன்றங்குலமேனும் உயர்ந்தும், தலைக்குப் பின்னே ஆறங்குலத்திற்குள்ளும் நிற்க வேண்டும். பக்கச் சட்டம் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே செல்ல வேண்டும். எனவே பிறரது உடலளவிற்குச் செய்த கூட்டை விலை மலிவென்று வாங்கிப் பொருத்துதல் பிறர் செருப்பை அணிதல் போன்றது. தலை படக்கூடிய இடமெல்லாம் உரிய மெத்தை வேண்டும். ஆசனமும் தோள் வார்களும் கூட்டோடு ஒன்றிய அமைப்பாதல் வேண்டும். 2001 பெப்புருவரி 18 ஆம் நாள் டேற்றோனாப் பந்தயத்தில் டேல் ஏர்ன்ஹாட் என்னும் பெருவீரர் இறந்தது கூடு நசுங்கியதால் அன்று. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்ததால். அவ்வாண்டு ஒக்ரோபரிற்றான் தலையையும் கழுத்தையும் தாங்கும் கருவி அப்பந்தயத் தொடரிற் கட்டாயமாயிற்று. கூடு உயிரைக் காக்கும் ஏற்பாட்டின் ஒரு பகுதியே, முழுமை அன்று.

இதிலிருந்து மற்றொரு கருத்தும் பிறக்கின்றது. பந்தயத்திற்குச் செல்லாமல், காட்சிக்காக மட்டும் காருக்குட் குழாய்களைப் பொருத்திக்கொண்டு வீதியில் ஓடுவோர் தம்மைக் காத்துக்கொள்வதில்லை, ஆபத்தையே தேடிக்கொள்கின்றனர். தலைக்கவசம் இல்லாத தலைக்கு அருகே உருக்குக் குழாய் இருத்தல் சிறு மோதலையும் பெருங்காயம் ஆக்கும். பின்னாசனத்திற் பிள்ளைகள் இருப்பின் சொல்லவும் வேண்டுமோ? வீதியில் ஓடும் காருக்கு இருக்கைப்பட்டி போதும். தடத்தில் ஓடும் காருக்குக் கூடு வேண்டும். இரண்டையும் குழப்புதல் நன்றன்று.

இனி, மறுப்போர் கூறுவனவற்றை நோக்குவோம். முன்னோர் கூடின்றி ஓடினரே என்பது ஒரு மறுப்பு. ஓடினர் உண்மை, இறந்தோரும் உளர் என்பதும் உண்மை. மிஞ்சியவரின் கதையை நாம் கேட்கின்றோம். மாய்ந்தவர் கதை சொல்ல வருவதில்லை. அம்முன்னோரிற் சிறந்தவரும் பாடங் கற்றே மாறினர். டொன் கார்லிற்ஸ் என்னும் நேரோட்ட வீரரின் வண்டி 1970 மார்ச்சு 8 ஆம் நாள் பற்சக்கரப்பெட்டி வெடித்ததால் இரண்டாகப் பிளந்தது. அவர் தம் வலப்பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். அவர் பந்தயத்தை விட்டு ஓடவுமில்லை. பழைய முறையிலேயே பிடிவாதமாய் நிற்கவுமில்லை. இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துப் புதிய வண்டி ஒன்றைச் செய்து, 1971 இல் அதனைக்கொண்டே வெற்றியும் பெற்றார். அதன்பின் அவ்வகுப்பு வண்டிகளெல்லாம் அவர் வழியைப் பின்பற்றின. பாதுகாப்பு வீரத்திற்கு இழுக்கு என்பாருக்கு அவர் வாழ்க்கையே விடையாகும்.

கூட்டின் எடையால் வேகம் குறையும் என்பது இரண்டாவது மறுப்பு. குறையும், மறுப்பதற்கில்லை. ஆனால் நன்கமைந்த கூடு காரின் உடலை விறைப்பாக்கி, முறுக்கலைக் குறைத்து, புறப்படும்போது சில்லுகள் தரையைச் சமமாகப் பற்ற உதவுகின்றது. இழந்ததில் ஒரு பங்கு இவ்வாறு மீளும். மீளாத பங்கை உயிரின் விலையாகக் கொள்க.

மூன்றாவது மறுப்பு மதிப்பிற்குரியது. பழைய காரை வெட்டுவதும் துளைப்பதும் ஒரு மரபுச்செல்வத்தை அழிப்பதாகும் என்பர் சிலர். இதனை நான் பாதி ஏற்கின்றேன். முழுமையாகவும் அழகாகவும் எஞ்சியிருக்கும் பழைய கார் பந்தயத்திற்கு உரியதன்று. அதைப் போற்றி வைத்து, விழா நாள்களில் மெல்ல ஓட்டுக. கதவும் கூரையும் இழந்து கொட்டிலிற் கிடந்த காரைப் பந்தயத்திற்கு எடுப்பதே முறை. இடைப்பட்ட நிலையில் உள்ளதாயின், பின்னாளிற் கழற்றத்தக்க, பொருத்தாணிகளால் இறுக்கும் கூட்டைத் தேர்ந்து, அதற்கேற்ற மிதமான வேகத்தோடு அமைக. காரையும் கெடாமற் காப்பேன், 9 செக்கனிலும் ஓடுவேன், கூடும் வையேன் என்பார்க்கு எவ்விதியும் உதவாது.

பணமில்லை என்பது இறுதி மறுப்பு. பெரிய காபரேற்றருக்கும் அகன்ற சில்லுக்கும் கிடைக்கும் பணம் கூட்டிற்கு மட்டும் கிடைக்காமற் போவது வியப்பே. முதலிற் கூடு, பின்னர்த் தடுப்புக்கருவி, அதன்பின் பரிவலு என்ற வரிசையிற் செலவிடுக. கூட்டிற்குப் பணமில்லாதவனுக்குப் பந்தயத்திற்கும் பணமில்லை என்பதே என் துணிபு.

இக்கரையின் பழைய தொழில் இதற்கு ஓர் உவமை தருகின்றது. அரிப்பின் முன்னுள்ள பார்களில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில், சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அறிந்தவர் என்று கருதப்பட்ட கடற்கட்டி ஒருவர் கூலி பெற்றுவந்தார். அவர் இருக்கிறார் என்ற மனத்துணிவிலே குளிகாரர் நீரில் இறங்கினர். ஆனால் மூச்சு முட்டும் வேளையில் அவரை மேலே கொணர்ந்தது மந்திரம் அன்று. படகிலே கயிறு பிடித்து நின்றவனின் கை. அக்கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடமே கொடுக்க வேண்டும், தன் சகோதரி தாலியிழக்க அவன் மனம் ஒருப்படான் என்று முத்துக்குளிக்கும் கரைகளிற் சொல்லும் வழக்கும் உண்டு. மின்னும் முலாமும் கண்ணைக் கவரும் வண்ணமும் உடைய கூடு கடற்கட்டியைப் போன்றது. அளவறிந்த குழாயும் முழுச்சுற்று ஒட்டும் கயிறு பிடித்தவன் கையைப் போன்றவை. எதை நம்பி இறங்குவது என்பதே கேள்வி.

கூடு ஓட்டுநரைக் காக்கும். பார்த்து நிற்போரைக் காவாது. 2024 ஏப்பிரல் 21 ஆம் நாள் தியத்தலாவையில் நடைபெற்ற பொக்ஸ்ஹில் பந்தயத்தில் தடம் விலகிய கார் கூட்டத்துட் பாய்ந்து எழுவரின் உயிரைக் கொண்டது. ஆதலின், பந்தயம் நடத்துவோர்க்குத் தடுப்புச்சுவரும், பார்ப்போர்க்கு விலகி நிற்கும் ஒழுக்கமும் வேண்டும். மக்கள் நடமாடும் வீதியில் ஓடுவது பந்தயமே அன்று, அது குற்றம்.

இன்னுமொன்று. பந்தயக் கார் ஓட்டுவோர் நம்முட் சிலரே. உழவு இயந்திரம் ஓட்டுவோர் பலர். கட்டுக்கரைக்குளத்து வயல்களிலும் அருவி ஆற்றங்கரையிலும் வரம்பேறி இறங்கும் பழைய உழவு இயந்திரங்கள் பலவற்றிற்குத் தலைக்கு மேலே ஒரு வளைவுகூட இல்லை. மட்காட்டிலே பிள்ளைகள் அமர்ந்து செல்கின்றனர். முன்சில்லு எழுந்து பின்புறமாகப் புரளும் உழவு இயந்திரம் ஏறத்தாழ ஒன்றரைச் செக்கனிற் கவிழ்ந்துவிடும். குதித்துத் தப்ப அவகாசம் இராது. சுவீடன் நாடு 1959 ஆம் ஆண்டிலேயே புதிய உழவு இயந்திரங்களுக்குக் காப்புச்சட்டத்தைக் கட்டாயமாக்கிற்று. அங்கே அவ்வகைச் சாவுகள் பின்னர் மிக அருகின. கால் மைல் ஓட்டத்திற்குக் கூடு செய்யக் கற்ற கை, அப்பனின் உழவு இயந்திரத்திற்கு உரிய அளவுடைய காப்புச்சட்டம் பொருத்துவதற்கும் முன்வருமாயின், பந்தயத்தால் ஊருக்கு ஒரு நன்மை விளைந்ததாகும். கடல் கடந்து வாழும் பழைய மாணவர், தம் நாடுகளில் விதிப்படி சோதித்த சட்டங்களின் அளவுகளையும் செய்முறைகளையும் இங்குள்ள தொழிற்கல்வி மாணவருக்கு அறிவித்தல், மலருக்கு விளம்பரம் தருவதனினும் சிறந்த பணியாகும்.

அரணின் சிறப்பையெல்லாம் கூறிய வள்ளுவர், அதனுள் இருப்போர் செயற்றிறம் அற்றவராயின் எத்தகைய அரணும் பயனற்றது என்று அவ்வதிகாரத்தை முடித்தார். கூட்டை அறிந்து தேர்க. ஒட்டை ஐயுற்று ஆராய்க. வாரை இறுகக் கட்டுக. விதியை மதித்து ஓடுக. முந்துதல் ஒருவனுக்கே வாய்க்கும். மீண்டு வீடு சேர்தல் ஓடிய அனைவர்க்கும் வாய்த்தல் வேண்டும்.